கம்மல் எள்

அந்த ஒரு வரிசையில் இறங்கிக் களை எடுக்க யாருக்கும் மனம் வராது. காரணம் எறும்பு.

விதைப் பண்ணையின் எள் வயலில் நூற்றுக்கு மேல் வரிசைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு குச்சி, குச்சியில் ஓர் எண். ஒவ்வொரு வரிசையும் ஒவ்வோர் இடத்திலிருந்து வந்த எள். ஒன்று கிளையே விடாமல் ஒட்டடைக் கம்பு போல மேலே போகும். பக்கத்திலிருப்பது இடுப்பளவு வந்ததும் கைகால் பரப்பிப் புதராகிவிடும். ஒன்றின் இலை வழுவழுப்பு, இன்னொன்றைத் தொட்டால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. வெள்ளைப் பூ, வெளிறிய ஊதாப் பூ, உதட்டில் மைப்புள்ளி வைத்த பூ. அவசரமாய் முற்றி நிற்பது ஒன்று, மற்றதெல்லாம் அறுத்துக் கட்டிய பிறகும் இன்னும் பூத்துக்கொண்டிருந்து வேலைக்காரர்களின் பொறுமையைச் சோதிப்பது ஒன்று. பேர் என்னவோ எல்லாவற்றுக்கும் எள்தான். ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இத்தனை எள்ளை வச்சுக்கிட்டு இந்த ஆபீசர் மனுஷன் என்னதான் பண்ணப் போறாரு? கடை வைக்கப் போறாரா?" என்று ரேடியோ கேட்பாள். ரேடியோ என்பது கூட வேலை பார்ப்பவளுக்குப் பண்ணையே சேர்ந்து வைத்த பேர். காலையில் கேட்டைத் தாண்டும்போது திறக்கிற வாய், சாயங்காலம் பஸ் ஏறினால்தான் மூடும்.

அன்றைக்கு எறும்பு வரிசை சின்னவளின் தலையில் விழுந்தது. வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பேர் அவளை விட்டுப் போகவில்லை. களைக்கொத்தை ஊன்றி மண்டியிட்டு உட்கார்ந்தவுடனேயே மணிக்கட்டில் சுரீரென்று ஒரு கடி. கையை உதறிவிட்டு, இந்தச் சனியன்கள் எங்கேதான் போகின்றன என்று தண்டோடு கண்ணை ஓட்டினாள். எறும்புகள் சாரை கட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பூக்காம்பின் அடியிலும், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, மஞ்சள் மணிகள். அவற்றில் கசிகிற தேனுக்குத்தான் அந்தக் கூட்டம். வேறு வரிசைகளிலும் அந்த மணி உண்டு. குண்டூசித் தலையளவில், இருப்பதே தெரியாமல் இருக்கும். இவை அப்படியில்லை. உருண்டு திரண்டு, வெந்த முட்டைக் கருவின் நிறத்தில் பளிச்சென்று இருந்தன. தண்டின் அடியைப் பார்த்தாள். செங்கல் நிறம்.

சின்னவள் அப்படியே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கம்மல் போட்டிருக்கு பாரு வாலு. நமக்குத்தான் இல்லை, இதுக்காவது இருக்கட்டும்" என்று சின்ன வயதில் அக்கா சொல்வாள். எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனதால் அக்காவுக்கு அவள் வாலு. வீட்டில் அந்த எள்ளுக்குக் கம்மல் எள்ளு என்றே பேர். நிறையக் காய்க்காது. மற்றவர்கள் வீட்டு எள்ளில் கணுவுக்கு மூன்று காய் தொங்கும், இதில் கணுவுக்கு ஒன்றுதான். ஆனால் மழை ஏமாற்றிய வருஷங்களிலும் அது ஏமாற்றியதில்லை. விதைக்கு எடுப்பது அக்காவின் வேலை. அறுப்புக்கு முன்னால் வயலைச் சுற்றி வந்து, நல்ல செடிகளில் துணிக்கிழிசல் கட்டி வைப்பாள். யாரையும் அதில் கை வைக்க விட மாட்டாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டே?" ரேடியோ இரண்டு வரிசை தள்ளியிருந்து கத்தினாள்.

"எறும்பு கடிச்சிடுச்சு."

"எறும்பு கடிச்சதுக்கா கண்ணுல தண்ணி? அப்ப தேள் கொட்டினா ஆறா ஓடுமா?"

அக்கா வீட்டை விட்டுப் போய் முப்பது வருஷம் ஆகப் போகிறது. அப்போது அந்தப் பக்கம் புதிதாகச் சாலை போட வந்த ரோடு ரோலர் ஓட்டுகிறவனோடு போனாள். சொல்லிக்கொண்டு போகத்தான் பார்த்தாள். அப்பா கேட்கத் தயாராயில்லை. "இந்த வாசலைத் தாண்டினா எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார். தாண்டினாள். போகும்போது அவள் எடுத்துக்கொண்டது மாற்றுத் துணியும், காலியான இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் நிரப்பிய எள்ளும். பாட்டிலைச் சின்னவள்தான் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாள். எதற்கென்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் அப்பா மூட்டைகள் அத்தனையையும் எண்ணெய் மில்லுக்கு ஏற்றினார். விதைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்ததும் வண்டியில் ஏறியது. "விதையையாவது விடுங்களேன்" என்று அம்மா கெஞ்சினாள். "அவ கை பட்டது எதுவும் இந்த வீட்டுல முளைக்க வேண்டாம்" என்றார் அப்பா. எண்ணெய் டின் டின்னாக வீட்டுக்கு வந்தது. அது தீரும்வரை அந்த எண்ணெயில் ஆன எதையும் அவர் தொடவில்லை. அவித்ததையும் சுட்டதையும் தின்றார். அடுத்த வருஷத்திலிருந்து எல்லாரும் போடுகிற, கணுவுக்கு மூன்று காய்க்கிற எள் வந்தது. பிறகு நிலமும் போயிற்று, அம்மாவும் போனாள்.

பண்ணையில் களை எடுத்த அந்தச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் புருஷன் வாசலில் தன் கடையில் இருந்தான். வரிசை வீடுகளில் அவர்களுடையது முதலாவது என்பதால், முன்னறையில் பாதி பஞ்சர் ஒட்டுகிற கடையாகிவிட்டது. ரப்பர் வாடையும் பசை வாடையும் சமையலறைவரை வரும். உள்ளறையில் ஜன்னலோரக் கட்டிலில் அப்பா. எழுந்து நடக்க ஒரு ஆள் துணை வேண்டும். மூச்சு விடுவது பக்கத்து அறைக்குக் கேட்கும்.

தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான் அவன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"என்னங்க. எங்க அக்கா எடுத்துட்டுப் போன எள்ளு பண்ணையில நிக்குது."

"எள்ளுக்கு என்ன மூக்கும் முழியுமா இருக்கு, பார்த்தவுடனே அடையாளம் தெரிய?"

"இருக்கு."

அவன் டியூபை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். கேலி போய்விட்டது. "அதே மாதிரி வேற எள்ளா இருக்கும். உலகத்துல உங்க வீட்டுல மட்டும்தான் விளைஞ்சுதா?"

"நானும் அப்படித்தான் நினைச்சுப் பார்த்தேன். மனசு கேட்க மாட்டேங்குது."

"அப்ப ஆபீசரைக் கேளு. எங்கேருந்து வந்துச்சுன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"ஏன் கேட்கறேன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லு. என்ன, திருடிட்டா வந்தே?"

உள்ளேயிருந்து அப்பா இருமினார். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த வீட்டில் அக்காவின் பேச்சை எடுப்பது வழக்கமில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாத இடம் என்று ஒன்று இருப்பது போல, எல்லாரும் சுற்றிக்கொண்டே போய்ப் பழகிவிட்டார்கள்.

கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். ஆபீசர் வயலுக்குள் வந்ததும் குனிந்து களை எடுக்கத் தொடங்கிவிடுவாள். அவர் ஒன்றும் சிடுமூஞ்சி இல்லை. ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறவர். ஆனாலும் இவளுக்கு ஒரு பயம். அது அவள் வீட்டு எள் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால்? கேட்காதவரை அது அக்காவுடையதாக இருக்கும்.

கடைசியில் நோய்தான் அவளைக் கேட்க வைத்தது.

மழை இரண்டு வாரம் தள்ளிப்போன சமயத்தில் வயலில் பச்சைப்பூ நோய் வந்தது. தத்துப்பூச்சி கொண்டுவருகிற நோய். பூ பூக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குட்டி இலையாகக் கொத்துக் கொத்தாய் வரும். தூரத்தில் பார்த்தால் அந்தச் செடிதான் மற்றதைவிடச் செழிப்பு. கிட்டப் போனால் ஒரு காய் இருக்காது. முதலில் நடுவயலில் ஒரு வரிசை, பிறகு அதன் இருபுறமும். நோய் கண்ட செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டு, வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். ரேடியோகூட அந்த நாட்களில் குறைவாகத்தான் பேசினாள்.

எறும்பு வரிசைக்கு இந்தப் பக்கத்து வரிசையும் அந்தப் பக்கத்து வரிசையும் போன அன்று ஆபீசர் குனிந்து அதன் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சின்னவள் பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், இந்த வரிசை போச்சுன்னா உள்ளே விதை வைக்கிற குளிர் அறையில இன்னும் இருக்கும்ல?"

"இருந்துச்சும்மா. பழைய விதை. இந்தத் தடவை முளைக்கப் போட்டோம், முக்கால்வாசி முளைக்கலை. முளைச்சதுதான் இது. இதுல வர்றதை எடுத்துத்தான் திரும்ப உள்ளே வைக்கணும். கம்மல் எள்ளு போச்சுன்னா போனதுதான்."

சாக்கு அவள் கையிலிருந்து நழுவியது. "கம்மல் எள்ளா? யாரு சார் அப்படிச் சொன்னா?"

"கொடுத்தவங்க சொன்ன பேரு. எங்களுக்கு நம்பர்தான். ஆனா இதை எடுத்துட்டு வந்தவன் நான், அதனால பேரு மனசுல நின்னுடுச்சு."

"யாரு சார் கொடுத்தாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மலையைச் சுத்திக்கிட்டுப் போற ரோடு ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கம் எள்ளு சேகரிக்கப் போயிருந்தேன். மழையே இல்லாத வருஷம், போன இடமெல்லாம் கருகிக் கிடந்துச்சு. வெறுங்கையோட திரும்பி வர்றப்ப, பஸ்ஸுலேருந்து பார்க்கறேன், ரோட்டோரமா ஒரு துண்டு நிலத்துல எள்ளு பூத்து நிக்குது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிட்டேன். பக்கத்துல ஒரு மாவு மில்லு. அங்க இருந்த அம்மாதான் போட்டிருந்தாங்க. எங்கேருந்து வந்த விதைன்னு கேட்டேன். எங்க வீட்டு விதைன்னாங்க. எந்த வீடுன்னேன். அதுக்குப் பதில் வரலை."

சின்னவள் சாக்கைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"அப்புறம் அவங்க என்னைக் கேட்டாங்க. இதை எங்கே வைப்பீங்கன்னு. குளிர் அறையிலன்னேன். பின்னாடி யாராவது வந்து கேட்டா கொடுப்பீங்களான்னு கேட்டாங்க. கேட்டா கொடுக்கத்தானேம்மா வைக்கிறோம்னேன். அறுத்ததும் வந்து வாங்கிக்கங்கன்னாங்க. போனப்ப இருந்ததை மொத்தமா அளந்து கொடுத்துட்டாங்க. வழக்கமா ஒரு பிடி கொடுக்கவே யோசிப்பாங்க, அதான் மறக்கலை."

"சார்," என்றாள் சின்னவள். "நான் கேட்டா கொடுப்பீங்களா?"

"நீயா? எதுக்கு?"

"அது எங்க அக்கா சார்."

ஆபீசர் நிமிர்ந்து நின்றார். கண்ணாடி கழுத்தில் தொங்க, அதை மாட்டிக்கொள்ள மறந்து, வெறுங்கண்ணால் அவளைப் பார்த்தார். "முதல்ல இது பிழைக்கட்டும்மா" என்றார்.

அதற்குப் பிறகு சின்னவள் விடிந்ததும் விடியாததுமாக முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். பனி உலர்வதற்குள் அந்த வரிசையை ஒரு நடை பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு கொழுந்தையும் விலக்கிப் பூவா இலையா என்று பார்ப்பாள். எறும்பு கடிக்கும். கடிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். தலைமாட்டில் சில செடிகளுக்கு நோய் வந்தது, வேரோடு பிடுங்கினாள். பிடுங்குகிறபோது தன்னையறியாமல் "மன்னிச்சுக்க" என்றாள். வீட்டில் அப்பாவுக்கு மூச்சு இன்னும் மோசமாகிக்கொண்டு வந்தது. அவருக்குக் கஞ்சியை ஆற்றி ஊட்டும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். என்னவென்று சொல்வது? எள் பூத்திருக்கிறது என்றா?

"அக்காவைப் போய்ப் பார்த்துட்டு வந்துடேன். மில்லுதான் தெரிஞ்சுடுச்சே" என்றான் புருஷன்.

"வெறுங்கையோட எப்படிப் போறது? இத்தனை வருஷமா எங்கடி இருந்தேன்னு கேட்டா என்ன சொல்றது?"

"எள்ளைக் கொண்டு போனா மட்டும் கேட்க மாட்டாங்களா?"

"கேட்பா. ஆனா கையில ஏதாவது இருக்கும்ல."

மழை வந்தது. நோய் நின்றது. எறும்பு வரிசையில் பெரும்பகுதி தப்பித்து நின்றது. எறும்பு பூச்சியை விரட்டியதா, அந்தச் செடியின் ரத்தத்திலேயே ஏதாவது இருக்கிறதா, சும்மா அதிர்ஷ்டமா என்று ஆபீசரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் அடுத்த வருஷமும் போடணும். பக்கத்துல இருந்தது அத்தனையும் போனப்ப ஏதோ ஒண்ணு நிக்குது பாரு, அந்த ஒண்ணுக்காகத்தான் இத்தனையையும் கட்டி மேய்க்கிறது."

எள் அறுப்பில் நாள் பார்க்கத் தெரிய வேண்டும். அடிக்காய் மஞ்சளானதும் அறுத்துவிட வேண்டும். ஒரு நாள் அசந்தால் காய் வாயைத் திறந்து அத்தனையையும் மண்ணுக்குக் கொடுத்துவிடும். சின்னவளே அறுத்தாள். கட்டுக்கட்டாகக் கட்டி, தலை மேலே இருக்கும்படி ஒன்றோடொன்று சாய்த்துக் கூம்பாக நிறுத்தினாள். காய்ந்து காய்கள் நுனியில் வெடித்ததும் கீழே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினாள். எள் மழை பெய்கிற சத்தத்தோடு துணியில் விழுந்தது. துருப்பிடித்த இரும்பின் நிறம். ரேடியோ ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றாள். இன்னொரு சிட்டிகையும் எடுத்தாள். பிறகு "நல்லாத்தான்டி இருக்கு உங்க வீட்டு எள்ளு" என்றாள்.

ஆபீசர் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அப்பாவைப் புருஷனின் பொறுப்பில் விட்டுவிட்டு, பண்ணை வேலையாக வெளியூர் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அது முழுப்பொய்யும் இல்லை. பஸ் மலையைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. ஜன்னல் வழியாக ரோட்டோரம் பார்த்துக்கொண்டே வந்தாள். கல் உடைக்கிற இடம், டயர் மலை, பள்ளிக்கூடம், காலி நிலம். எங்கேயும் எள் இல்லை.

கண்டக்டர் காட்டிய இடத்தில் இறங்கியதும் மாவு மில்லின் சத்தம் கேட்டது. தகரக் கூரை. உள்ளே பெல்ட் படபடவென்று ஓட, சுவரும் உத்தரமும் சிலந்தி வலையும் மாவு படிந்து வெள்ளையாக இருந்தன. வரிசையாகத் தகர டப்பாக்கள். மாவு கொட்டுகிற துணிக்குழாய்க்கு அடியில் குனிந்து ஒருத்தி டப்பா மாற்றிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருக்கிறதா மாவு படிந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. புருவமும் இமையும்கூட வெள்ளை.

"என்ன அரைக்கணும்?" என்றாள் நிமிராமலே, சத்தத்துக்கு மேல் கத்தி.

சின்னவள் கிட்டப் போனாள். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

அவள் அரைக்கண்ணால் பார்த்தாள். "எள்ளு அரைக்க மாட்டோம்மா. கல்லு எண்ணெய் குடிச்சுப் போயிடும், அப்புறம் யாரு மாவையும் அரைக்க முடியாது. எண்ணெய் மில்லு அடுத்த நிறுத்தம்." டப்பாவை நகர்த்தினாள். நகர்த்தியவள் நின்றாள். திரும்பினாள். மாவுக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, ஒரு சிட்டிகை எள்ளை எடுத்து உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விரலால் பரப்பினாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். பெல்ட் தளர்ந்து, தடுமாறி, நின்றது.

"வாலு," என்றாள்.

அழுதது யார், முதலில் கட்டிக்கொண்டது யார் என்பதெல்லாம் சின்னவளுக்குப் பிறகு நினைவில்லை. கன்னத்தில் மாவு ஒட்டிப் பசையானதுதான் நினைவிருக்கிறது. அரைக்க வந்த ஓர் ஆள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, டப்பாவைச் சத்தமில்லாமல் வரிசையில் வைத்துவிட்டுப் போனார்.

மில்லுக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. அக்கா தேநீர் போட்டாள், முட்டை அவித்தாள். ரோடு ரோலர்காரர் இறந்து சில வருஷம் ஆகிறதாம். ஒரே பெண், கட்டிக்கொடுத்தாயிற்று. கை தன்பாட்டுக்கு முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருக்க, யாரோ மூன்றாம் மனுஷிக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"ரோட்டுல ஒரு எள்ளு கூடக் காணோமே அக்கா. ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கலை நான்."

"வருஷா வருஷம் போட்டேன் வாலு. பின்னாடி நல்ல மண்ணு இருந்துச்சு, இருந்தாலும் ரோட்டோரமாத்தான் போடுவேன். அவருகூடத் திட்டுவாரு, போற மாடெல்லாம் வாய் வைக்குதுன்னு. என்னிக்காவது நம்ம வீட்டுலேருந்து யாராவது இந்த பஸ்ஸுல போனா, ஜன்னல் வழியாப் பார்த்தாலே தெரியும்ல, நம்ம எள்ளாச்சேன்னு இறங்க மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை."

சின்னவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இறங்கினது அந்த ஆபீசர் ஒருத்தர்தான். அன்னிக்கு பஸ்ஸு நின்னு ஆளு இறங்கறதைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எழுந்து வாசலுக்கு ஓடினேன். பார்த்தா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு யாரோ ஒரு ஆளு." அக்கா சிரித்தாள். "அதோட விட்டுட்டேன். இருந்ததையெல்லாம் அவருக்கிட்டேயே கொடுத்துட்டேன். ஒரு பிடி கூட வச்சுக்கலை. கையில இருந்தா மறுபடி போடத் தோணும். போட்டா மறுபடி ரோட்டைப் பார்க்கத் தோணும்."

"எங்ககிட்டேயும் இல்லை அக்கா. நீ போன வருஷமே அப்பா எல்லாத்தையும் ஆட்டிட்டாரு. விதைக்கு வச்சதையும்."

அக்காவின் கையிலிருந்த முட்டை அப்படியே நின்றது. "விதையையுமா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாதே." குரல் சன்னமாகிவிட்டது. "நீங்க அங்க போட்டிருப்பீங்க, நான் இங்க போடறேன், ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல பூக்கும்னு நினைச்சுக்குவேன். பூ விட்டதும் உன்னைத்தான் நினைப்பேன். வாலு இன்னிக்கு எறும்புக்கடி வாங்கியிருப்பான்னு. நான் மட்டும்தான் போட்டுக்கிட்டு இருந்தேனா அத்தனை வருஷமும்?"

சின்னவள் நகர்ந்து கிட்ட வந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவு அரைக்கிற கை, சூடாக இருந்தது.

"உயிரோட இருக்காரா?" என்றாள் அக்கா.

"இருக்காரு. எழுந்து நடக்க முடியலை. மூச்சு சரியில்லை. வா அக்கா."

"நான் செத்துட்டேன்னு சொன்னவருக்கு முன்னாடி எந்த முகத்தை வச்சுக்கிட்டு வந்து நிக்கறது?"

"செத்துட்டேன்னு சொல்லலை. ஒரே பொண்ணுன்னுதான் சொன்னாரு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அப்போது சின்னவளின் போன் அடித்தது. கை முழுக்க மாவும் கண்ணீருமாக இருந்தவள், எடுத்துக் காதில் வைக்கச் சொல்லி அக்காவிடம் சைகை காட்டினாள். அக்கா பொத்தானை அழுத்தித் தங்கையின் காதுக்குக் கொண்டுபோவதற்குள் மறுமுனையில் அந்த மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. அக்காவின் கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மெல்லப் போனைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"போய்ச் சேர்ந்துட்டியாம்மா?" என்றார் அப்பா.

அக்கா தங்கையைப் பார்த்தாள். "சேர்ந்துட்டேன்பா" என்றாள்.

"ஏன் குரல் அடைச்சிருக்கு? ஜன்னல் காத்துல உக்காராதேன்னு சொன்னா கேட்க மாட்டே. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"பொய் சொல்லாதே. வேலை வேலைன்னு வயித்தைக் காயப் போடாதே. எப்ப வருவே?"

அக்கா வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள். "என்ன, லைன்ல இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்பா. வந்துடறேன்."

"வா, வா. நீ இல்லாம இங்க ஒண்ணும் ஓடலை."

போனை வைத்துவிட்டு அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்கிட்ட இப்படித்தான் பேசுவாரா?"

"தினமும்."

"கொடுத்து வச்சவடி நீ." எழுந்து முகத்தைக் கழுவினாள். "அவருக்கு நான்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா போனை வச்சிருப்பாரு. பரவாயில்லை, உன் பங்குலேருந்து கொஞ்சம் திருடிக்கிட்டேன்." பிறகு மில்லுக்குள் போய் சுவிட்சைப் போட்டாள். "அரைக்கக் கொடுத்தவங்க டப்பாவெல்லாம் காத்துக் கிடக்கு. முடிச்சுட்டு வரேன். சும்மா நிக்காம அந்தச் சாக்கைப் பிடி."

பெல்ட் ஓடத் தொடங்கியது. சின்னவள் சாக்கைப் பிடித்தாள்.

மறுநாள் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழி நெடுக அதிகம் பேசவில்லை. வரிசை வீடுகளின் முனையில் இறங்கியபோது நடை தளர்ந்தது. டயரை உருட்டியபடி எதிரே வந்த சின்னவளின் புருஷன், யாரென்று கேட்காமலே டயரைச் சுவரில் சாத்திவிட்டு, "வாங்க அண்ணி" என்றான். அண்ணி என்பது முறைக்குச் சரியா என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை.

அப்பா தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். சின்னவள் எதையெதையோ சொல்ல வைத்திருந்தாள். ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நீட்டியிருந்த காலை மெதுவாக, பெருமூச்சு விட்டு, ஒவ்வொன்றாக மடக்கினார். கட்டிலில் ஓர் ஆள் உட்கார இடம் வந்தது. அக்கா உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுல இடம் கிடைச்சுதா?" என்றார் அப்பா.

"கிடைச்சுதுப்பா."

"அந்தப் பக்கம் மழை எப்படி?"

"தூறல்தான். இங்க மாதிரி இல்லை."

சின்னவள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அவளுக்குக் கோபமாகக்கூட வந்தது. இத்தனை வருஷம் கழித்துப் பேசுகிற பேச்சா இது? பஸ்ஸும் மழையும்? ஆனால் அவர்கள் இருவரும் நிதானமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அறுப்பு முடித்துக் களத்துமேட்டில் உட்கார்ந்தவர்களைப் போலப் பேசிக்கொண்டு போனார்கள். மண் எப்படி, தண்ணீர் எத்தனை அடியில், மாடு இருக்கிறதா.

"எள்ளு போடறியா?" என்றார் அப்பா.

சின்னவள் கதவிலிருந்து நிமிர்ந்தாள்.

"இல்லப்பா. விட்டுட்டேன்."

"ஏன்?"

அக்கா கட்டில் சட்டத்தை விரலால் தேய்த்தாள். "யாரும் வந்து கேட்கலை."

அப்பா சொல்வதற்கு முன் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு நேரம் பிடித்தது.

"நான் கேட்கறேன்" என்றார். "இப்ப கேட்கறேன்ல."